மேல் வீட்டுச் சாவியை நான்தான் கொடுத்தேன்

என் ஆசைக் கஸ்தூரிக்கு,

நலமா என்று உன்னைக் கேட்க முடியாது. நான் நலம் என்று எழுதவும் கை வரவில்லை. சுற்றி வளைத்துப் பேசினால் உனக்குப் பொறுக்காது, அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். உன் வீட்டில் முருகேசன் இருக்கிறான். ஆமாம்டி, உன் புருஷன்தான். ஒன்றரை வருஷமாக அவன் நடக்கிற சத்தம் என் தலைக்கு மேலே கேட்டுக்கொண்டிருக்கிறது.

எப்படி விட்டேன் என்று கேட்பாய். விடவில்லை. ஆனால் சாவியைக் கொடுத்தது நான்தான். அதை உன்னிடம் சொல்லத்தான் இத்தனை நாள் தள்ளிப்போட்டு இன்றைக்கு உட்கார்ந்திருக்கிறேன்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக நம் கதையைக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. மாமல்லபுரம் போகிற கடற்கரைச் சாலையில் ஒரு பெரிய ஓட்டல். அதில் நான் துணி வெளுக்கிற பிரிவு, நீ அறை பெருக்கித் துடைக்கிற பிரிவு. நீ அழுக்குப் படுக்கை விரிப்பை உருவிக்கொண்டு வருவாய், நான் வெளுத்துத் தேய்த்துத் திருப்பிக் கொடுப்பேன். இருபது வருஷம் அப்படித்தான் பழகினோம். நான் கைம்பெண், கையில் பள்ளிக்கூடம் போகிற மகள் ஷாகிரா. நீ, அடிக்கிற புருஷனை விட்டு ஒரே ஒரு பையோடு இறங்கி வந்தவள். நமக்கு யாரும் வாடகைக்கு வீடு கொடுக்கவில்லை. "வூட்ல ஆம்பள யாரும் இல்லியா?" என்று எத்தனை வாசலில் கேட்டார்கள், ஞாபகம் இருக்கிறதா?

ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் நீதான் ஆரம்பித்தாய். "எத்தினி நாளைக்கு நூரு அடுத்தவன் ரூமையே பெருக்கினு கீறது? நமக்குன்னு ஒரு வூடு வோணும்." நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

திருவிடந்தைக்கு மேற்கே அரை கிரவுண்டு. இரண்டு பேர் பெயரிலும் ஒரே பத்திரம். எனக்கு முட்டிவலி என்பதால் கீழே நான். காற்று வரும் என்று மேலே நீ. ஒரு போர், ஒரு மோட்டார், ஒரு செப்டிக் டேங்க், ஒரு மாடிப்படி. எல்லாவற்றையும் ஒன்றாகவே வைத்தால் செலவு பாதி என்று எவ்வளவு பெருமைப்பட்டோம். கொத்தனார் உப்புத் தண்ணீரிலேயே கலவை போட்டபோது நாம் இரண்டு பேரும் பக்கத்தில்தான் நின்றோம். கம்பியை உள்ளிருந்தே உப்பு தின்றுவிடும் என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

வீடு கட்டி முடித்த வருஷம் நான் ஒன்று சொன்னேன். ஓட்டல் கணக்கரின் மனைவி செத்து, சொத்துக்காக அண்ணன் தம்பிகள் அடித்துக்கொண்ட சமயம். "கஸ்தூரி, நாம ரெண்டு பேரும் உயில் எழுதி வச்சிடலாம்டி. நீ அந்த ஆள்கிட்ட விவாகரத்தும் வாங்கல" என்றேன். நீ கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாய்.

"இன்னா நூரு, இப்பவேவா போய்ச் சேரப் போறோம்? அந்த ஆளு எங்க கீறான்னே தெரியல. கோர்ட்டு வாசல்ல போயி அவன் மூஞ்சைப் பாக்கச் சொல்றியா? அடுத்த மாசம் பாக்கலாம் வுடு."

எத்தனை அடுத்த மாசம் போனது தெரியுமா? எண்ணிப் பார்த்தால் கோபம் வருகிறது. உன் மேல்தான். செத்தவளிடம் கோபப்படக்கூடாது என்பார்கள். எனக்கு வருகிறதே, என்ன செய்ய?

அன்றைக்குக் காலையில் ஓட்டலில் மூன்றாவது அறையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே என் மடியில் உன் கை குளிர்ந்துவிட்டது. எல்லாம் முடிந்த பிறகு உன் தம்பி ஏழுமலை மேல் வீட்டைப் பூட்டி, சாவியை என் கையில் வைத்தான். "அக்கா, நீயே பாத்துக்க. உன்ன வுட்டா வேற யாரு கீறாங்க?" என்றான். ஞாயிற்றுக்கிழமை தோறும் திறந்து பெருக்கி, ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு உன் கட்டிலில் கொஞ்சநேரம் உட்கார்ந்திருப்பேன். ஏழுமலை கடலுக்குப் போய்வந்து அன்றைக்குக் கொண்டுவந்து தரும் மீனைக் கழுவிக்கொண்டே அவனோடு உன்னைப் பற்றிப் பேசுவேன். அந்த ஆறு மாசம் எனக்குப் பெரிய கஷ்டமில்லை.

ஆறாவது மாசம் ஒரு மத்தியானம், கேட்டுக்கு வெளியே ஒரு ஆள் நின்றான். முடி நரைத்து, ஒரு கால் பாதத்தில் துணிக்கட்டு. கையில் பிளாஸ்டிக் உறை.

"கஸ்தூரி வூடு இதானே?"

"நீங்க யாரு?"

"நான் அவ வூட்டுக்காரன். முருகேசன்."

உறைக்குள் வாரிசுச் சான்றிதழ். தாலுகா ஆபீஸ் முத்திரையோடு. கணவன் என்ற இடத்தில் அவன் பெயர். அதற்குக் கீழே வேறு பெயரே இல்லை. உன் வாழ்க்கையில் நீ வாயெடுத்துச் சொல்லாத அந்தப் பெயர், உன்னைப் பற்றி அரசாங்கம் கொடுத்த கடைசிக் காகிதத்தில் தனியாக உட்கார்ந்திருந்தது.

நான் சாவி கொடுக்க மாட்டேன் என்றேன். ஏழுமலைக்குப் போன் போட்டேன். அவன் ஈர லுங்கியோடு வண்டியில் வந்து இறங்கி, முருகேசன் சட்டையைப் பிடித்துவிட்டான். "எங்க அக்காவ அடிச்சித் தொரத்திட்டு இப்ப வூடு கேக்கறியா நீ?" அக்கம்பக்கத்தார் பிரித்துவிட்டார்கள். அடுத்த நாள் நானும் ஏழுமலையும் செங்கல்பட்டில் ஒரு வக்கீலைப் பார்த்தோம். அவர் நிதானமான மனிதர். முழுக்கக் கேட்டார்.

"குழந்தை இல்ல, உயில் இல்ல, விவாகரத்து இல்ல. அப்படின்னா அந்தம்மா சம்பாதிச்ச சொத்து புருஷனுக்குத்தான் போவும். தம்பி எல்லாம் அதுக்கப்புறம்தான்."

"அடிச்சான் சார். இருபத்திரெண்டு வருஷமா ஒரு தடவைகூட வந்து பாக்கல சார்" என்றேன்.

"அதெல்லாம் விவாகரத்துக் கேஸ்ல சொல்ல வேண்டியதும்மா. அந்தம்மா போட்டாங்களா?"

நானும் ஏழுமலையும் பஸ் ஏறினோம். மூன்றாம் நாள் முருகேசன் வந்தான். இடுப்பிலிருந்த சாவியை எடுத்து மாடிப்படிக் கைப்பிடிமேல் வைத்தேன். அவன் கையில் கொடுக்கவில்லை. வித்தியாசம் என்ன, நீயே சொல்.

ஒரே வீட்டில் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துக் கட்டினால் என்ன ஆகும் என்று அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. மோட்டார் உன் மீட்டரில் இருந்தது. அவன் போடும்போதுதான் எனக்குத் தண்ணீர். காலையில் தொழுகை முடித்துக் குழாயைத் திறந்தால் காற்று வரும். மேலே பார்த்துக் கத்துவேன். "தோ, போடறேன்" என்பான், ஒரு மணி நேரம் கழித்துப் போடுவான். வீட்டு வரி ரசீது உன் பெயரில். பெயர் மாற்றப் போனால் இரண்டு பேரும் வந்து கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். செப்டிக் டேங்க் மூடி என் சமையலறை வாசலில் இருப்பதால், லாரி கூப்பிடுகிற வேலை என்னுடையது. அவன் இறங்குவதும் ஏறுவதும் என் வாசல்படியைத் தாண்டித்தான். என் கண்ணில் படாமல் அவனும் போக முடியாது, அவன் கண்ணில் படாமல் நானும் இருக்க முடியாது.

இதற்கிடையில் என் சமையலறைக் கூரையில் ஒரு கோடு. முதலில் மயிரிழை மாதிரி. பிறகு விரல் போகிற அளவு. துரு கலந்த தண்ணீர் சொட்டியது. தனசேகர் கொத்தனாரைக் கூப்பிட்டேன். சுத்தியால் தட்டிப் பார்த்தான். உள்ளே கூடாக இருக்கிற மாதிரிப் பொத்தென்று சத்தம்.

"மேல் வூட்டு பாத்ரூம் ஒழுகுதும்மா. கம்பி உப்பி கீது. கீழேர்ந்து பூசினா நிக்காது. மேல தரைய ஒடச்சி, பழைய கம்பிய வெட்டி, புதுசு கட்டணும்."

முருகேசனிடம் போய்க் கேட்டேன். உன் ஈசிசேரில் உட்கார்ந்திருந்தான்.

"உடைச்சிக்கோ. ஆனா அதுக்கு முன்னாடி மேல் வூடு என்னுதுன்னு பாகம் பிரிச்சி எழுதிக் குடு. இப்ப இது ரெண்டு பேருக்கும் பொதுவா கீது. ஒனக்கு ஏதாவது ஆனா ஒன் பொண்ணும் மருமவனும் வந்து என்ன வெளிய போடான்னா நான் எங்க போறது?"

"எழுத மாட்டேன்" என்றேன். "அது கஸ்தூரி வூடு."

"கஸ்தூரி எங்க கீறா?" என்றான். கேலியாகக் கேட்கவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஒரு வருஷம் நான் கையெழுத்துப் போடவில்லை, கஸ்தூரி. ஒரு வருஷம் அவனும் தரையை உடைக்க விடவில்லை. சமையலறையில் பிளாஸ்டிக் ஷீட் கட்டி, அதற்குக் கீழே வாளி வைத்துச் சமைத்தேன். வீட்டையே விற்றுவிடலாமா என்றுகூடப் பார்த்தேன். கடற்கரைக்கு வருகிறவர்களுக்கு அறை கட்டி வாடகைக்கு விடுகிற ஒரு ஆள் வந்து சுற்றிப் பார்த்தான். மனைக்கு மட்டும்தான் விலை, கட்டடம் இடிக்கத்தான் ஆகும் என்றான். அதிலும் பாதி முருகேசனுக்கு. மிச்சத்தில் இந்தப் பக்கம் ஒரு அறைகூட வாங்க முடியாது. ஷாகிரா கூடுவாஞ்சேரியில் இரண்டு படுக்கையறை வீட்டில் மாமியார், மாமனார், இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறாள். "எங்கூட வந்துடும்மா, ஹால்ல படுத்துக்கலாம்" என்கிறாள். அவள் குரலில் அன்பு இருக்கிறது. அவள் சொல்லி முடிக்கும்போது பின்னால் யாரோ தொண்டையைச் செருமுவதும் கேட்கிறது. சொந்த வீட்டுக்காரி நான். வெளியே போக வழியில்லாமல் அதற்குள்ளேயே கிடந்தேன். நாம் வீடு கட்டியது இதற்காகவா?

போன ஐப்பசியில் நான்கு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் காலை, அடுப்பில் சாதம் வைத்துவிட்டு வாசலில் தண்ணீர் கேன் வாங்கப் போனேன். கேன்காரனுக்குச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தபோது பின்னால் பெரிய சத்தம். ஓடிப் பார்த்தால் அடுப்பு இல்லை. அடுப்பு இருந்த இடத்தில் காங்கிரீட் குவியல். ஷீட் கிழிந்து தொங்குகிறது, கூரையில் துருப்பிடித்த கம்பிகள் விலா எலும்பு மாதிரி. கேன்காரன்தான் உள்ளே பாய்ந்து சிலிண்டரை மூடினான். சில்லறை என் கையிலேயே இருந்தது.

மாடிப்படியில் தட்டுத்தடுமாறி இறங்குகிற சத்தம். முருகேசன் என் சமையலறை வாசலுக்கு வந்தான். அவன் என் வீட்டுக்குள் வந்தது அன்றுதான் முதல் தடவை.

"அடிபட்டுச்சா? எம்மா, உனக்கு அடிகிடி பட்டுச்சா?"

நான் இல்லை என்று தலையாட்டினேன். அவன் கூரையைப் பார்த்தான். அந்தக் கம்பிகளுக்கு மேலேதான் தினமும் குளிக்க நிற்கிறான்.

"இம்மாம் மோசமா கீதுன்னு எனக்குத் தெரியாது" என்றான்.

"ஒரு வருஷமா சொல்லிகினே இருந்தேனே!"

"சொன்னே. நான்தான்..." என்று நிறுத்திவிட்டு, மூலையிலிருந்த துடைப்பத்தை எடுத்தான். புண் காலோடு குனிந்து கல்லைப் பொறுக்க ஆரம்பித்தான். இரண்டு பேருமாகக் குவியலை அள்ளினோம். பாதியில் அவனாகவே பேசினான். உனக்கப்புறம் சேர்த்துக்கொண்டவள், காலில் புண் வந்து வேலைக்குப் போக முடியாமல் ஆனதும் வெளியே அனுப்பிவிட்டாளாம். ஒரு லாரி ஷெட்டில் படுத்திருந்தானாம். நீ செத்த செய்தி அங்கேதான் கிடைத்ததாம்.

"இத வுட்டா எனக்குப் போக்கிடம் கெடையாது. உனக்கும் கெடையாது போல கீது" என்றான்.

பாவம் என்று தோன்றியது. தோன்றியதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் டீ கொடுக்கவில்லை. அதை மட்டும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

அன்று பகல் முழுக்க யோசித்தேன். கல் விழுந்தபோது நான் வாசலில் இருந்தேன், சரி. அடுத்த வாரம் ஷாகிரா பிள்ளைகளோடு வருவதாக இருந்தது. சின்னவன் அந்த அடுப்புப் பக்கம்தான் சுற்றிச்சுற்றி வருவான். அதற்கு மேல் என்னால் யோசிக்க முடியவில்லை. மாடிப்படியில் நின்று கூப்பிட்டேன். "எழுதித் தர்றேன். எழுதின கையோட தரைய உடைக்கணும்."

ஏழுமலைக்கு நானே போய்ச் சொன்னேன். கரையில் வலை உதறிக்கொண்டிருந்தான். உதறுவதை நிறுத்தவில்லை.

"நீயே எழுதிக் குடுக்கறியாக்கா? எங்க அக்கா வூட்ட நீயே அவனுக்கு எழுதிக் குடுக்கறியா?"

"கூரை விழுந்துடுச்சிடா."

"விழட்டும்" என்றான். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வண்டிச் சத்தம் கேட்பதில்லை. உன்னை எனக்குக் கொஞ்சமாவது திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தவன் அவன் ஒருவன்தான். அவனும் போனான்.

பத்திரம் எழுதுகிறவர் வரைவைப் படித்துக் காட்டினார். கேட்டது நானும் முருகேசனும், சாட்சிக்கு வந்த தனசேகர் கொத்தனாரும் ஷாகிரா வீட்டுக்காரரும். தரைத்தளம் எனக்கு, முதல் தளம் அவனுக்கு, மனையில் சரிபாதி, போர், மாடிப்படி, டேங்க் பொது. எல்லாம் சரிதான். நடுவில் ஒரு வரி வந்தது. "எனது மனைவியான காலஞ்சென்ற கஸ்தூரி அம்மாளுக்குப் பாத்தியப்பட்டு..."

"நிறுத்துங்க" என்றேன். நாம் மனை வாங்கிய பத்திரத்தில் உன் அப்பா பெயரைத்தான் போடச் சொன்னாய். புருஷன் பெயர் கேட்ட எழுத்தரிடம் நீ போட்ட சண்டையில் ஆபீஸே திரும்பிப் பார்த்தது. இப்போது உன்னால் வாய் திறக்க முடியாத நேரம் பார்த்து, மனைவி என்று எழுதுகிறார்கள்.

"மனைவின்னு போட வேணாம்" என்றேன்.

எழுத்தர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "மனைவின்னு போடலன்னா இவருக்குச் சொத்து எப்படி வந்துச்சின்னு கேப்பாங்களேம்மா. ரிஜிஸ்டர் பண்ண மாட்டாங்க."

அந்த வார்த்தையை எடுக்க முடியாது. எடுத்தால் பத்திரம் இல்லை, பத்திரம் இல்லையென்றால் கூரை இல்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மருமகன் என் கையைத் தொட்டு, "சரி விடுங்க மாமி" என்றார். நான் விடவில்லை.

"அப்படின்னா பக்கத்துல இன்னொண்ணும் போடுங்க. அவ சொந்த உழைப்புல, அவ சம்பளத்துல, புருஷனோட எந்த உதவியும் இல்லாம வாங்கினதுன்னு போடுங்க."

"சுய சம்பாத்தியம்னு ஒரு வார்த்தை போட்டாப் போதும்மா."

"போதாது. நான் சொன்ன மாதிரியே போடுங்க."

எழுத்தர் முருகேசனைப் பார்த்தார். அவன் தன் கால் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். "போடுங்க சார். நெஜந்தானே" என்றான்.

போன புதன்கிழமை பதிவு முடிந்தது. என் பெருவிரல் மை இன்னும் முழுசாகப் போகவில்லை. "கணவரின் எந்தவித உதவியும் இன்றி" என்று அச்சில் வந்திருக்கிறது. அதற்குக் கீழே முருகேசனின் கையெழுத்து.

இப்போது இதை எழுதும்போது தனசேகர் ஆட்கள் மேலே உன் குளியலறைத் தரையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஓட்டலில் வேலையை விட்டபோது கிடைத்த பணம் இந்தத் தரைக்கும் கம்பிக்கும் போகிறது. முழுக்க என்னுடையதுதான், அவனிடம் ஒன்றும் இல்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதே. வேலை முடிகிற வரைக்கும் பதினைந்து நாள் முருகேசன் என் குளியலறையைத்தான் உபயோகிக்கிறான். காலையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கதவருகில் நின்று இருமுவான், நான் எழுந்து வாசல் பக்கம் போய்விடுவேன். நீ ஓடி வந்த ஆளுக்கு வாளியில் தண்ணீர் பிடித்து வைக்கிறவளாக நான் ஆகியிருக்கிறேன்.

பத்திரம் வந்தால் நெஞ்சு லேசாகும் என்று நினைத்திருந்தேன். ஆகவில்லை. என் கூரை இனிமேலும் அவன் தரைதான். அவன் விற்றால் நாளைக்கு வேறு ஒருவன் தரை. எனக்கு வேறு இடம் இல்லை என்பது மாறவில்லை.

ஆனாலும் இரண்டு விஷயம் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். அடுத்த மாசம் என்று சொல்லாமல் இந்தத் திங்கட்கிழமையே அதே எழுத்தரிடம் போய், நான் உயிரோடு இருக்கும்போதே கீழ் வீட்டை ஷாகிரா பெயருக்கு மாற்றி வைத்துவிடுவேன். ஒரு காகிதம் இல்லாததால் ஒரு பெண் படுகிற பாடு என்னோடு முடியட்டும். இரண்டாவது, உன்மேல் இருக்கிற இந்தக் கோபம். அதையும் விட்டுவிடுவேன், கஸ்தூரி. எப்போது என்று மட்டும் கேட்காதே. மேலே இன்னும் உடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரே பத்திரத்தில் உனக்கு அடுத்த பெயராக இருந்த தங்கச்சி,
நூர்ஜஹான்